எட்டு போடத் தெரிந்தவருக்கு நிறுத்தத் தெரிகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டுக்கோட்டையில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஹெல்மெட் சோதனை, அபராதம் பற்றிய செய்திகள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. வரட்டும், தேவைதான். ஆனால் ஓடுகிற வண்டியை அவசரத்தில் எப்படி நிறுத்துவது என்பதை நம் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. லைசென்ஸ் கொடுக்கும்போதும் அதைப் பார்ப்பதில்லை. இதை எழுதியே ஆக வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது.

சர்வீஸுக்கு வரும் வண்டியின் சக்கரத்தைக் கழற்றினாலே, ஓட்டுகிறவர் எப்படி பிரேக் பிடிக்கிறார் என்று தெரிந்துவிடும். பின் சக்கரத்து பிரேக் ஷூ தேய்ந்து இரும்பு உரசும். முன் சக்கரத்தில் டிஸ்க் பேடு, வண்டி வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். பழைய ஸ்கூட்டர்களில் முன் பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். அதைத் தொட்டே வருஷக்கணக்காகியிருக்கும். "அண்ணே, முன் பிரேக்கை லூசாவே விட்டுடுங்க, பிடிச்சா தூக்கி அடிச்சிடும்" என்று கேட்கிறவர்களும் உண்டு. கல்லூரி மாணவர்களும் கேட்கிறார்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியர்களும் கேட்கிறார்கள். நான் மறுத்துவிடுவேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. யாரோ ஒருவர் மணலிலோ வளைவிலோ முன் பிரேக்கை வெடுக்கென்று அழுத்தி விழுந்திருப்பார். அதைப் பார்த்த அப்பா மகனிடம் சொல்வார், மகன் தன் நண்பனிடம் சொல்வான். உண்மையில் நடப்பது வேறு. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரமும் நம் உடம்பின் பாரமும் முன்னால் சாய்கின்றன. முன் டயர் தரையை அழுத்திப் பிடிக்கிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. நேர் ரோட்டில் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் பிரேக்குடையதுதான். லேசாகிப் போன பின் சக்கரத்தை மட்டும் மிதித்தால் அது பூட்டிக்கொண்டு சறுக்கும், வண்டி பக்கவாட்டில் இழுக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் நிற்கிற தூரத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம் ஓடித்தான் நிற்கும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. ஆடு குறுக்கே வந்ததைப் பார்த்து, கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். மிச்சமிருக்கும் தூரத்தில் பாதி பிரேக்கை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? விபத்தில் சிக்கி என் கடைக்கு வரும் வண்டிகளில் பின் டயரில் ஒரே இடத்தில் ரப்பர் வழிந்து தேய்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஓட்டியவர் கடைசிவரை பின் பிரேக்கைத்தான் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளிலும் ஏ.பி.எஸ். கட்டாயம், அதாவது அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. அதற்குக் கீழே உள்ளவற்றில் சி.பி.எஸ். இருந்தால் போதும் என்றது அந்த விதி, அதாவது ஒரு பிரேக்கைப் பிடித்தாலே இரண்டு சக்கரமும் பிடிக்கும் அமைப்பு. நல்ல சட்டம். ஆனால் 150, 160 சி.சி. வண்டிகள் பலவற்றில் ஏ.பி.எஸ். முன் சக்கரத்துக்கு மட்டும்தான். முன் பிரேக்கைத் தொடாதவருக்கு அது இருந்தும் பயனில்லை. பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பு, வண்டியிலேயே தூங்கிக்கொண்டிருக்கிறது. ஷோரூமில் சாவி கொடுத்து, மாலை போட்டு, போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். பத்து நிமிஷம் ஒதுக்கி இதைச் சொல்லி அனுப்பினால் என்ன?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். அந்த வருஷம் நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் இங்கே இருக்கிறது, அதற்கு நான் மனசார நன்றி சொல்வேன். விழுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அப்படியே கிடக்கிறது.

லைசென்ஸ் டெஸ்ட் எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் கழித்து போகிறோம். கால் ஊன்றாமல் எட்டு போடுகிறோம். முடிந்தது. எட்டு போடுவது தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. மெதுவாகப் போகும்போது பேலன்ஸ் இருக்கிறதா என்று அதில் தெரியும். ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் வளைந்து வருகிறவருக்கு ஐம்பதில் நிறுத்தத் தெரியுமா என்பது அதில் எப்படித் தெரியும்? இத்தனைக்கும் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதி, அவசரத்தில் வண்டியை நிறுத்தத் தெரிகிறதா என்பதையும் டெஸ்டில் பார்க்கச் சொல்கிறது. புதுச் சட்டம் எதுவும் போட வேண்டாம், இருக்கிற விதியை நடத்தினால் போதும்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் அங்கே 2பி லைசென்ஸ் எடுத்தேன். 200 சி.சி. வரைதான் அதில் ஓட்டலாம். பெரிய வண்டி வேண்டுமென்றால் ஒரு வருஷம் கழித்து அடுத்த வகுப்புக்குத் தனியாக டெஸ்ட். இங்கே 100 சி.சி. வண்டியில் எட்டு போட்டவர் மறுநாளே 400 சி.சி. வண்டி வாங்கி ஈ.சி.ஆரில் பறக்கலாம், தடுக்க ஆளில்லை. அங்கே பயிற்சி மைதானத்தில் எட்டும் உண்டு. அதோடு ஒடுக்கமான பலகை மேல் ஏறி மெதுவாக ஓட்ட வேண்டும், கூம்புகளுக்கு நடுவே வளைந்து வர வேண்டும், மேட்டில் நிறுத்தி எடுக்க வேண்டும். அப்புறம் அவசர பிரேக்: குறிப்பிட்ட வேகத்துக்கு வண்டியை ஏற்றி, போட்டிருக்கும் கோட்டுக்குள் சறுக்காமல் நிறுத்த வேண்டும். திரும்புவதற்கு முன்னால் கண்ணாடியில் பார்த்தது போதாது, தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் மார்க் போய்விடும். ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. எங்கள் ஊரில் பாதி வண்டிகளில் கண்ணாடியே கிடையாது.

அது பணக்கார நாடு, நமக்கு முடியுமா என்று கேட்பார்கள். நான் கேட்பது பலகையும் மேடும் இல்லை. எட்டு போடும் தளத்துக்குப் பக்கத்தில் ஒரு நேர்த் தடம், தரையில் சுண்ணாம்புக் கோடு, கொடி காட்ட ஒரு ஆள். முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் கொடியைப் பார்த்ததும் கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டருக்கு ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. டெஸ்டில் கேட்பார்கள் என்று தெரிந்தால் டிரைவிங் ஸ்கூல்காரர்கள் தாங்களாகவே சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இது கற்றுக்கொள்ள முடியாத வித்தையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தில் தெருக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். கணவரோ தம்பியோ பின்னால் உட்கார்ந்து "பிரேக்கை விடு, பிரேக்கை விடு" என்று கத்தியதில் பயந்து போனவர்கள். முதலில் நடக்கிற வேகத்தில் ஓட்டச் சொல்வேன். ஹேண்டிலை நேராக வைத்து, ஆக்சிலேட்டரை மூடி, முன் பிரேக்கை எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் மெல்லத் தொடங்கி இறுக்கிக்கொண்டே போக வேண்டும். கண் முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, தூரத்தில் இருக்க வேண்டும். பிறகு இருபது, அப்புறம் முப்பது. ஒரு காலை வேளைக்குள் பயம் போய்விடுகிறது. "இத்தனை வருஷமா இது இருக்கிறதே தெரியாம ஓட்டியிருக்கேனே" என்று ஒரு அக்கா சொன்னார்.

எந்த இடத்தில் பிடிக்கக் கூடாது என்பதும் பாடத்தில் சேர வேண்டும். எங்கள் டெல்டாப் பக்கம் அறுவடை நேரத்தில் ரோட்டிலேயே நெல் காயும், வைக்கோல் சிதறிக் கிடக்கும். மழைக்காலத்தில் வண்டல் படிந்து வழுக்கும். அங்கேயெல்லாம் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டும், கியரை இறக்கி எஞ்சினாலேயே வண்டியைக் கட்டுப்படுத்த வேண்டும். வண்டி சாய்ந்திருக்கும்போது பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கவே கூடாது.

தஞ்சாவூர் மாவட்ட அதிகாரிகள் ஏதாவது ஒரு போக்குவரத்து அலுவலகத்தில் மட்டுமாவது இந்தத் தடத்தைப் போட்டு ஒரு வருஷம் நடத்திப் பார்க்கட்டும். கோடு போடவும், வருகிறவர்களுக்குப் பிடித்துக் காட்டவும் ஆள் வேண்டுமென்றால் கூலி வாங்காமல் வருகிறேன். என்னைப் போன்ற மெக்கானிக்குகள் இன்னும் பலர் வருவார்கள். உங்கள் நிருபர் இதை மாவட்ட ஆட்சியரின் சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் எழுப்பி, கிடைக்கும் பதிலை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டூவீலர் மெக்கானிக் ஒருவர்,
பட்டுக்கோட்டை