தீர்ப்பு வந்தது, ஜீவனாம்சம் எப்போது?

ஆசிரியருக்கு வணக்கம்.

விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தூரைச் சேர்ந்த ஷா பானு என்ற பெண்ணின் வழக்கில் 1985-லேயே சொன்னதுதான். அடுத்த ஆண்டே விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுக் குழப்பியது. அந்தச் சட்டத்தை எதிர்த்த டேனியல் லத்தீஃபி வழக்கில் 2001-இல் வந்த தீர்ப்பில்தான் அந்தக் குழப்பம் ஓரளவு தெளிந்தது.

சரி, உரிமை உறுதியாகிவிட்டது. பணம் கைக்கு வருகிறதா? இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த 60 நாளுக்குள் இயன்றவரை முடிக்கச் சொல்கிறது சட்டம். ஆனால் வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுத்தடிக்கிறார்கள். அதுவரை வீட்டு வாடகைக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் அந்தப் பெண் எங்கே போவார்? 60 நாள் தாண்டிய மனுக்களின் பட்டியலை உயர் நீதிமன்றம் மாதந்தோறும் கேட்டு வாங்க வேண்டும்.

வாசகி, வேலூர்