இயந்திரம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

பெருந்தொற்றுக் காலத்தில் பரிசோதனையைக் கூட்டுவது என்றாலே, வைரஸின் மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் இயந்திரம் எத்தனை வாங்கினோம் என்ற கணக்குதான் முதலில் வருகிறது. 2020-இல் பல நாடுகளின் ஆய்வகங்களைத் திணறடித்தது இயந்திரப் பற்றாக்குறை மட்டுமா? மாதிரி எடுக்கும் குச்சிக்கும், மாதிரியிலிருந்து வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கும் வேதிப்பொருள் தொகுப்பான கிட்டுக்கும் அல்லவா அல்லாடினார்கள்! ஒரே நிறுவனத்தின் கிட்டை மட்டுமே ஏற்கும் இயந்திரம், அந்தக் கிட் வராவிட்டால் வெறும் பெட்டிதான்.

சரி, எல்லாம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். குழாயில் ஒட்டிய சீட்டில் ஒரு எண், படிவத்தில் வேறு எண் என்றால் அந்த மாதிரியைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான். மாதிரிகளை இடும் 96 குழிகள் கொண்ட தட்டு இயந்திரத்துக்குள் போவதற்கு முன்பே பாதி நேரம் பிரித்து, சரிபார்த்து, பதிவு செய்வதில் கரைந்துவிடுகிறது. இதற்கு ஆள் வேண்டும். இரவு ஷிப்டுக்கும் வேண்டும்.

தொற்று விகிதம் குறைவாக இருக்கும்போது, பலரின் மாதிரிகளைக் கலந்து ஒரே சோதனையாகப் பார்க்கலாம்; கலவை நெகட்டிவ் என்றால் அத்தனை பேரையும் தனித்தனியே சோதிக்க வேண்டியதில்லை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ராபர்ட் டார்ஃப்மன் 1943-இலேயே சொன்ன வழி இது. தொற்று பரவலானால் பயன்படாது. ஏறக்குறைய எல்லாக் கலவையும் பாசிட்டிவ் ஆகி, ஒவ்வொன்றையும் தனித்தனியே மறுபடி பார்க்க நேரும். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, யாருடைய மாதிரிக்கு முன்னுரிமை என்பதை நெருக்கடி முற்றிய பிறகு யோசிக்கக் கூடாது. மருத்துவமனையின் அவசரகாலக் குழுவில் ஆய்வகப் பொறுப்பாளருக்கு முதல் நாளிலிருந்தே இடம் கொடுங்கள்.

– ஆய்வகப் பணியாளர் ஒருவர்