சாளையின் நீளமும் எடையும்

அன்புள்ள ராஜன்,

கடிதம் கிடைத்தது. பேரனுக்கு மொட்டை போட்ட படத்தை எல்லோரும் பார்த்தோம். மூக்கு அப்படியே உன் மூக்கு, பாவம். இங்கே எல்லோரும் நலம்.

“மீனை அளக்கவா உனக்குச் சம்பளம்?” என்று கேட்டிருக்கிறாய். சரி, கணக்கு வாத்தியாருக்குக் கணக்கிலேயே சொல்கிறேன். உடல்வாகு மாறாமல் சாளை (மத்தி மீன்) வளர்ந்தால், நீளம் இரண்டு மடங்காகும்போது எடை எட்டு மடங்காக வேண்டும். 10 செ.மீ. மீன் 10 கிராம் என்றால் 20 செ.மீ. மீன் 80 கிராம். ஆனால் உடல்வாகு மாறும். அதனால் எடை நீளத்தின் எத்தனையாவது அடுக்கு என்பதை 3 என்று வைத்துக்கொள்ளாமல், நீளம், எடை இரண்டுக்கும் மடக்கை (log) எடுத்து, வரைபடத்தில் விழும் கோட்டின் சரிவைப் பார்க்கிறோம்; அந்தச் சரிவுதான் அடுக்கு. பெரும்பாலான மீன்களுக்கு அது 2.5க்கும் 3.5க்கும் நடுவில் விழும்.

அந்த நீளத்துக்குக் கோடு சொல்லும் எடையால் மீனின் எடையை வகுத்தால் 1க்கு மேல் வருவது கொழுத்தது, கீழே இளைத்தது. இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரி மீன்களை வைத்து லெ கிரென் என்ற மீன் ஆய்வாளர் 1951இல் எழுதிய வழி இது.

இதை அப்படியே நம்பவும் முடியாது. ஆனி, ஆடியில் சாளையை அறுத்துப் பார். வயிறு முழுக்க மஞ்சள் சினை. குடலைச் சுற்றிக் கொழுப்பு பேருக்குத்தான் இருக்கும். ஐப்பசியில் சினை நூலாகச் சுருங்கிக் கிடக்கும், குடலை வெள்ளைக் கொழுப்பு மூடியிருக்கும். சட்டியில் போட்டால் எண்ணெய் தானே கசியும். இரண்டுக்கும் ஒரே எண் வரலாம்! ஆகவே சினையைத் தனியாகவும், குடல் நீக்கிய மீனைத் தனியாகவும் நிறுக்கச் சொல்கிறேன். பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள்.

கேரளத்துச் செய்தி படித்திருப்பாய். 2012இல் அங்கே ஏறத்தாழ 4 லட்சம் டன் சாளை; 2021இல் 3,500 டன்கூட இல்லை. அப்புறம் கூட்டம் திரும்பியது, ஆனால் பொடிசுகளாக. நல்ல மழையால் குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்து, இரைக்குப் போட்டி வந்து வளர்ச்சி குன்றியது என்கிறார்கள். டன் கணக்கை மட்டும் பார்த்தால் இது தெரியாது. தராசோடு அளவுகோலும் வேண்டும்.

உனக்கு ஒரு வேலை. மடக்கையில் போட்ட கோட்டைத் திரும்பக் கிராமுக்கு மாற்றினால் சராசரி எடை கொஞ்சம் குறைவாகவே வருகிறது. ஏன் என்று பிள்ளைகளுக்கு என்னால் விளங்கவைக்க முடியவில்லை. பத்தாம் வகுப்புக்கு நடத்துவதுபோல அரைப் பக்கம் எழுதி அனுப்பு.

அன்புடன்,
தாசன்