பிரிட்ஜ் தெருக் கல்லுக்கு ஓர் இடம் கொடுங்கள்

மொன்றியல் மாநகர மேயருக்கும் நகரசபை உறுப்பினர்களுக்கும்,

நான் ஐரிஷ்காரன் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த நகரத்துக்கு வரி கட்டுகிறவன். விக்டோரியா பாலத்துக்குப் போகும் பிரிட்ஜ் தெருவில், இரு பக்கமும் லாரிகள் விரைய, நடுத்திட்டில் நிற்கும் கறுப்புக் கல்லைப் பற்றித்தான் இந்த மடல்.

1847-48இல் கப்பல் காய்ச்சலில் இறந்த 6,000 பேரின் எச்சங்களைக் காக்க வைத்த கல் என்று அதில் வெட்டியிருக்கிறது. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, பஞ்சம் துரத்த ஓடிவந்த சனங்கள். கனடா மரத்தைப் பிரிட்டனில் இறக்கிய கப்பல்கள், திரும்பும்போது இவர்களைக் குறைந்த கட்டணத்தில் அடைத்துக்கொண்டு வந்தன. கப்பல் காய்ச்சல் என்று அவர்கள் சொன்ன, பேன் பரப்பிய டைஃபஸ் நடுக்கடலிலேயே ஆட்களைத் தின்றது. சென் லோரன்ஸ் ஆற்றிலுள்ள குரோஸ் தீவில், வருகிறவர்களை நோய்க்காகத் தடுத்துவைத்த நிலையம் தாங்காமல் போக, மிச்சப்பேர் ஆற்றோடு மேலே வந்தார்கள். அப்போது சுமார் 50,000 பேர் வாழ்ந்த மொன்றியலில், அந்த ஒரு கோடையில் வந்திறங்கியவர்கள் அதைவிட அதிகம்.

இந்தக் கல் நிற்கும் பொயிந்த் சென் ஷார்ல் பகுதியின் கரையோரத்தில் மரக் கொட்டகைகள் எழுந்தன. கிரே நன்ஸ் சபைக் கன்னியாஸ்திரிகள் அங்கே நோயாளிகளைப் பராமரித்தார்கள். அவர்களிலும் சிலர் செத்தார்கள். மேயர் அவர்களே, அன்று உங்கள் நாற்காலியில் இருந்த ஜான் ஈஸ்டன் மில்ஸும் கொட்டகைக்குப் போனவர்தான். அதே காய்ச்சல் 1847 நவம்பரில் அவரையும் கொண்டுபோனது. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் பலரைப் பிரெஞ்சுக் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. அதனால்தான் இன்றும் ஐரிஷ் குடும்பப் பெயரோடு பிரெஞ்சு பேசுகிறவர்கள் கியூபெக்கில் இருக்கிறார்கள்.

இந்தக் கல்லை அரசு வைக்கவில்லை. 1859இல் பாலம் கட்டிய தொழிலாளர்கள், மண்ணில் எலும்புகள் கிளம்பியதைக் கண்டு, ஆற்றிலிருந்து எடுத்த பாறையை நட்டார்கள். கூலிக்காரருக்குத் தோன்றியது பிறகு வந்த பெரியவர்களுக்குத் தோன்றவில்லை. 1900இல் ரயில் கம்பெனி கல்லையே பெயர்த்து வேறிடத்தில் வைத்தது. எதிர்ப்புக்குப் பிறகுதான் அது திரும்பி வந்தது. 1960களில் தெருவை நேராக்கும் திட்டத்துக்கும் ஐரிஷ் சமூகம் மறித்து நிற்கவேண்டி வந்தது. 2019இல் புதிய ரயில் பாதைக்குத் தோண்டியபோது மறுபடி மனித எலும்புகள்.

பக்கத்து நிலத்தை 2017இல் மாகாண அரசின் மின் நிறுவனமான ஹைட்ரோ கியூபெக் துணைமின் நிலையத்துக்காக வாங்கியது. அங்கே நினைவுப் பூங்கா வேண்டும் என்று சனம் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டது. நகரக் கொடியின் ஒரு கால்பகுதியில் ஐரிஷ் சனங்களின் அடையாளமான மூவிலையை வைத்திருக்கிறோம். கொடியில் இலைக்கு இடம் இருக்கிறது, தரையில் ஆளுக்கு இல்லையா?

ஆண்டுதோறும் மே மாதக் கடைசி ஞாயிறு கல்லுக்கு ஊர்வலம் போகிறது. அதற்கு வரும் முதியவர்கள் அந்த நடுத்திட்டில் எத்தனை நேரம் நிற்பார்கள்? பூங்காவுக்கு எவ்வளவு நிலம், எந்த ஆண்டில் வேலை முடியும் என்பதை அடுத்த ஊர்வலத்துக்கு முன் எழுத்தில் சொல்லுங்கள். அதுவரைக்கும், கல்லருகே நின்று வாசிக்கப் பாதுகாப்பான ஒரு வேலியும், தெருவைக் கடக்கச் சரியான ஒரு வழியும் செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
மொன்றியல்வாசி ஒருவன்