எழுத்தின் பெயர் போதாது

ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத்து முன்பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலம் இன்னும் ‘ஏ, பீ, சீ’ பாட்டாகவே ஓடுகிறது. 26 எழுத்தின் பெயரும் பிள்ளைக்குத் தண்ணீர் பட்ட பாடு. சரி, ‘எஸ், யூ, என்’ என்று சேர்த்துச் சொன்னால் சூரியன் வருமா? ‘ஸ், அ, ன்’ என்று ஒலியாகச் சொன்னால்தான் சொல் வாயில் வரும். ஆங்கில ஒலிகள் ஏறக்குறைய 44. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திணிக்கத் தேவையில்லை.

சுளகில் மணலைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதவிடலாம். சோடா மூடிகளில் எழுத்துகளை ஒட்டிக் கொடுத்தால், பிள்ளை ஒவ்வொன்றாகத் தள்ளிச் சேர்த்து வாசிக்கும். முதல் மூடியை மாற்றினால் ‘ஸன்’, ‘ரன்’ ஆகிவிடும். (மூடி வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்!) கொப்பி நிரம்பவில்லையென்று ஆசிரியையோடு மல்லுக்கு நிற்பதைப் பெற்றோரும் கொஞ்சம் நிறுத்தலாம்.

வாசகர் ஒருவர்,
கோண்டாவில்.