அறைக்குள் நடக்கும் பாடம்: யாழ்ப்பாணத்து மூத்த மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே, தங்கச்சிமாரே,

திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் கைதடியிலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் பல்கலைக்கழகத்தில் இரண்டாம், மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். பீடாதிபதிகளுக்கு எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். அவர்களிடம் கேட்க வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது, பிறகு வருகிறேன். ஆனால் புதிதாக வரும் பிள்ளை பாலியல் விடயத்தில் ஒரு பயத்தைத் தூக்கிக்கொண்டு பீடாதிபதியிடம் போவதில்லை. பக்கத்து அறை அக்காவிடமோ அண்ணாவிடமோதான் வரும்.

நானும் அப்படி வாடகை வீட்டில் இருந்து படித்தவள்தான். அறையில் நான்கு பேர். எங்களில் ஒருத்திக்கு ஒரு நாள் பயம் வந்துவிட்டது. என்ன பயம் என்று உங்களுக்கு விளங்கும். பக்கத்து அறை அக்காவிடம் போய்க் கேட்டாள். அக்கா நல்லவர், தனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னார். பப்பாசி சாப்பிடு, அன்னாசி சாப்பிடு, எள்ளுருண்டை சாப்பிடு. மூன்று நாளும் எங்கள் அறை பழக்கடை மாதிரி மணந்தது. நான்காம் நாள் இன்னொருத்தி எங்கேயோ விசாரித்து ஒரு குளிசையின் பெயரை அறிந்துகொண்டு வந்தாள். அதைக் கொப்பித் தாளில் எழுதி, நாலாக மடித்து, சைக்கிளில் புறப்பட்டோம். வழியில் ஐந்து பாமசி. ஒவ்வொன்றிலும் தெரிந்த முகம். ஆறாவதில் போய் இறங்கினோம். கடைக்காரர் தாளை விரித்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், பெயரை ஊருக்கே கேட்கிற மாதிரி வாசித்தார். பனடோல் வாங்க நின்ற ஒரு ஐயா எங்கள் இருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். குளிசை கிடைத்தது. அதைக் குடிக்க வேண்டிய நேரம்தான் போய்விட்டிருந்தது.

அந்த மாதம் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிஷ்டம். ஆனால் அது பப்பாசியின் வேலை என்று அந்த அக்கா இன்றைக்கும் நம்பிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அவருக்குப் பின்னால் வந்த எத்தனை பட்சுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாரோ!

நான் சொல்ல வந்தது இதுதான். சகமாணவர் வழியாகப் பாலியல் கல்வி கொடுக்கலாமா, எங்கள் பண்பாட்டுக்கு ஒத்துவருமா என்று பெரியவர்கள் கூட்டம் வைத்துக் கதைக்கிறார்கள். அது ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இனப்பெருக்கத் தொகுதி வந்த அன்று, "இதை வீட்டில் வாசித்துக்கொண்டு வாங்கோ" என்று ஆசிரியர் பக்கத்தைப் புரட்டிவிட்டார். இருபது, இருபத்தொரு வயதில் அந்தப் பிள்ளை உங்கள் கைக்கு வருகிறது. முதல் கிழமையே பகிடிவதை என்ற பெயரில் அதை வரிசையில் நிறுத்தி, கெட்ட வார்த்தையில் 'பாடம்' எடுக்கிறவர்களும் உங்களுக்குள் இருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி, பகிடிவதையின்போது பாலியல் தொந்தரவு கொடுத்தால் பத்து ஆண்டு வரை சிறை என்பதை அந்தப் பாடத்தில் யாரும் சொல்வதில்லை.

பொடியன்களின் அறையில் வேறு பாடத்திட்டம். "விந்து விட்டான் நொந்து கெட்டான்" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எத்தனை பேர் நித்திரை இல்லாமல் கிடக்கிறார்கள்! மகாபொலப் புலமைப்பரிசில் காசில் லேகியம் வாங்கி, பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்துச் சாப்பிட்ட ஒருவனை எனக்குத் தெரியும். சுய இன்பத்தால் நரம்பு தளராது, ஆண்மை குறையாது என்று ஒரு அண்ணா அவனுக்கு ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டிய அண்ணாவும் அதே லேகியத்தைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சரி, எதைச் சொல்லிக்கொடுப்பது? எழுபத்திரண்டு என்ற எண்ணை முதலில் மனதில் பதியுங்கள். லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற அவசரக் கருத்தடைக் குளிசையை, உறவு கொண்டதிலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும், எவ்வளவு வேளைக்கு எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. அது கரு முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். ஏற்கெனவே தங்கிவிட்ட கருவை அது கலைக்காது. தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்குத் தவிர வேறு எதற்கும் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்காத நாட்டில் இருக்கிறோம். 1883இல் வந்த தண்டனைச் சட்டக்கோவைதான் இன்றும். ஆகவே அந்த மூன்று நாளைப் பப்பாசியில் செலவழிக்க முடியாது. எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்று பயப்படுகிறவருக்கும் அதே 72 மணித்தியாலம்தான். அதற்குள் வைத்தியரிடம் போனால், தேவை என்று கண்டால், 28 நாள் தடுப்பு மருந்து தொடங்குவார்கள். மூன்று நாள் தாண்டிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். பரிசோதனையைப் பொறுத்தவரை மறுநாளே குத்திப் பார்த்து "இல்லை" என்று வந்ததும் பார்ட்டி வைக்கக்கூடாது. விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்க்கும் சோதனையை மூன்று மாதம் கழித்து இன்னொரு தரம் செய்யவேண்டும்.

ஆணுறைக்குத் தேங்காய் எண்ணெய் பூசினால் அது கிழியும். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனால் தேங்காய் எண்ணெய் இல்லாத அறை யாழ்ப்பாணத்தில் எங்கே இருக்கிறது? எப்படிப் போடுவது என்று ஒரு தடவை காட்டிக்கொடுங்கள். திருநெல்வேலிச் சந்தையில் கதலிக்குப் பஞ்சமில்லை.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. காசு கட்டத் தேவையில்லை, விபரம் வெளியே போகாது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. அவ்வளவு செய்த சுகாதாரத் துறையின் வாசலுக்கு எங்கள் பிள்ளைகள் போகாததற்குக் காரணம், வாசலில் நிற்கும்போது பெரியம்மா கண்டுவிடுவா என்ற பயம்தான். முதல் தடவை நீங்கள் கூடப் போங்கள். அதைவிடப் பெரிய பாடம் எதுவும் தேவையில்லை.

ஆனால் அரைகுறையாகச் செய்யாதீர்கள். ஒரு நாள் கருத்தரங்கு, ரீசேர்ட், சான்றிதழ், குழுப்படம் என்று முடிந்துபோன கூத்துகளைப் பார்த்திருக்கிறேன். சகமாணவர் கல்வியால் அறிவு கூடுகிறது. நடத்தை அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை என்பது பல நாடுகளில் கண்ட அனுபவம். நீங்கள் வைத்தியராக வேண்டாம். "எனக்குத் தெரியாது, வா, கேட்போம்" என்று சொல்லப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

மற்றப் பாதி, வாயை மூடிக்கொண்டிருப்பது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அந்த ஊர் வாய்க்குத் தீனி உங்கள் அறையிலிருந்து போகக்கூடாது. ஒருத்தி வந்து, தன் படத்தை வைத்து ஒருவன் மிரட்டுகிறான் என்று அழுதால், "ஏன் அனுப்பினாய்" என்பது முதல் கேள்வியாக இருக்கக்கூடாது. ஆணை விரும்பும் ஆண் ஒருவன் உங்களை நம்பி வாய் திறந்தால், அவன் அதைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவுக்கும் பயந்து, தகப்பனுக்கும் பயந்து, கடைசியாக உங்களிடம் வந்திருக்கிறான் என்று நினையுங்கள். தெற்கிலிருந்து வந்து படிக்கும் சிங்களப் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். பாமசியில் அவர்களுக்கு வெட்கத்தோடு மொழிச் சிக்கலும் சேர்கிறது.

பீடாதிபதிகளிடம் கேட்பது சின்ன விடயம்தான். புதுமுக மாணவர் வரும் நாட்களில் இரண்டு மணித்தியாலம் இதற்கென்று ஒதுக்குங்கள். சொல்லிக்கொடுக்கப் போகும் மூத்தவர்களை மருத்துவபீடத்து ஆட்களும் சிகிச்சை நிலையத்து ஆட்களும் சில கிழமை பழக்கட்டும், வருடம் முழுக்க மாதத்துக்கு ஒரு தடவை சந்திக்கட்டும். அறிவியல் நகரில் இருப்பவர்களுக்காக அதே ஆட்கள் அங்கே போகட்டும். பிள்ளைகளை பஸ்ஸில் இங்கே ஏற்றிவர வேண்டாம்.

தொடங்குவதற்கு ஒரு வெற்று பிஸ்கட் டின் போதும். மூடியில் ஒரு கீறல் வெட்டி விடுதி வாசலில் வையுங்கள், பெயர் எழுதாமல் கேள்வியைப் போடச் சொல்லுங்கள். முதல் நாள் வருவதெல்லாம் பகிடிக் கேள்வியாகத்தான் இருக்கும். எறிந்துவிடாதீர்கள். எல்லோருக்கும் முன்னால் வாசித்து, அதற்கும் ஒழுங்காக மறுமொழி சொல்லுங்கள். உண்மையான கேள்வியை எழுதி மடித்து, போடுவதா விடுவதா என்று கையில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் ஒருத்தி இருப்பாள்.

அன்புடன்,
பக்கத்து அறையில் இருந்த ஒரு அக்கா