ஜனவரி 4 அன்று மண்டபம் யாருக்கு?

கனடாவில் தமிழ் மரபுத் திங்கள் விழா எடுக்கும் சங்கங்களுக்கு,

ஜனவரி முழுக்க மண்டபம் பிடித்து, பட்டுச் சீலையும் வேட்டியுமாகக் கூடுகிறோம், நல்லது, நானும் வருகிறேன். ஆனால் அதே மாதம் 4ஆம் திகதி இந்த மண்ணின் பூர்வகுடிப் பெண்கள் கட்டும் ரிப்பன் பாவாடைக்காக இந்த நாடு அறிவித்த தேசிய ரிப்பன் பாவாடை நாள் என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2020 டிசம்பரில், சஸ்காச்சுவானில் கம்சாக் என்ற சின்ன ஊரில், எல்லோரும் நன்றாக உடுத்தி வரவேண்டிய நாளன்று கோட் என்ற முதற்குடியை (First Nation, பூர்வகுடிச் சமூகம்) சேர்ந்த 10 வயதுப் பிள்ளை ஒருத்தி ரிப்பன் பாவாடையோடு பாடசாலைக்குப் போனாள். இது அந்த நாளுக்கு ஏற்ற உடுப்பில்லை என்று அங்கே வேலை செய்த ஒருவர் சொல்லிவிட்டார். பொட்டு வைத்துப் போய்க் கூச்சப்பட்டு வழியிலேயே அழித்த எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விடுமுறை முடிந்து ஜனவரியில் அவள் திரும்பியபோது ரிப்பன் பாவாடை கட்டிய பெண்கள் மேளத்தோடு கூடவே நடந்து போனார்கள். ஜனவரி 4ஐத் தேசிய ரிப்பன் பாவாடை நாளாக்கச் செனட்டர் மேரி ஜேன் மக்கல்லம் கொண்டுவந்த மசோதா 2022 டிசம்பரில் சட்டமானது.

அந்தப் பாவாடையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கணுக்கால் வரை தொங்கும் துணியில் சாட்டின் ரிப்பன்களை வரிவரியாக, நிறத்துக்கு நிறம் பார்த்து, வளையாமல் தைத்திருப்பார்கள். பட்டு ரிப்பன் ஐரோப்பிய வியாபாரிகள் பண்டமாற்றாகக் கொண்டுவந்த சரக்குத்தான்; பேரேரிகளைச் சுற்றி வாழ்ந்த பெண்கள் அதை வெட்டி மடித்துத் தங்கள் கலையாக்கிக்கொண்டார்கள். மேற்கு மாகாணங்களில் முதற்குடிகள் அனுமதியில்லாமல் தங்கள் உடையோடு கண்காட்சிகளில் தோன்றவே 1914 முதல் தடை, 1951 வரை!

நாங்களோ கூட்டத் தொடக்கத்தில் இது முதற்குடிகளின் நிலம் என்று ஒப்புக்கொள்ளும் நில ஒப்புகைக் குறிப்பை ஒரு நிமிடத்தில் வாசித்துவிட்டு மங்கல விளக்குக்குப் போய்விடுகிறோம். ஒருமுறை நானே வாசித்தேன், 'அனிஷினாபே' என்ற பூர்வகுடி மக்களின் பெயரில் தடுக்கி விழுந்தேன், யாரும் கவனிக்கவில்லை, அதுதான் வெட்கம்.

அடுத்த ஜனவரி 4 அன்று ஒரு மண்டபத்தையாவது முதற்குடிப் பெண்களுக்கு விடுங்கள். ரிப்பன் பாவாடை தைக்கும் பெண்களை உரிய கூலி கொடுத்து அழையுங்கள், துணிச் செலவு எங்களுடையதாக இருக்கட்டும், எங்கள் அம்மாமார் பக்கத்தில் இருந்து ஊசி கோத்துக் கொடுக்கட்டும். அப்புறம் ஒன்று, இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று இருபது பாவாடை வாங்கிப் பிள்ளைகளுக்கு மாட்டி மேடையேற்றிவிடாதீர்கள், தயவுசெய்து.